சமத்துப் பெண்ணும் தண்ணீர்த் தொட்டியும்

நான் அந்த அறைக்குள் போனது சார்ஜர் தேடி.

மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே நாலு முழ வேட்டி. ஊரடங்குக் காலத்தில் எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரிகளின் சீருடை அது. மேலதிகாரி இந்த ஆண்டின் இலக்கைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கையில் என் லேப்டாப் உயிரை விடப் பார்த்தது. அடுத்த அறையில் என் மகள் அபிநயாவுக்கு ஆன்லைன் வகுப்பு. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் கதவைத் தள்ளினேன்.

மேஜை மேல் அவளுடைய லேப்டாப். திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். முக்கால்வாசி கறுப்பு, கேமராவை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் எங்கேயோ போயிருந்தார்கள். ஒரு கட்டத்தில் மட்டும் என் பெண். இரட்டைப் பின்னல், நிமிர்ந்த முதுகு, உதட்டோரம் லேசான சிரிப்பு. டீச்சர் ஏதோ சமன்பாட்டை விளக்க, அவள் கண் இமைக்காமல் கவனித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சார்ஜரின் ஒயரைக் குனிந்து எடுக்கும்வரை அந்தப் பெருமை நீடித்தது. குனிந்தபோதுதான் நாற்காலியில் யாரும் இல்லை என்பது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில், சுவரைப் பார்த்து ஒருக்களித்து, போர்வைக்குள் இன்னொரு அபி. வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும். ஆள்காட்டி விரல் நகம் சுவரை மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் உதிர்ந்து தலையணை ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் குவியல். ஒரு நாளில் சேர்ந்த குவியல் இல்லை.

திரையில் இருந்தது அவளுடைய புகைப்படம். கேமராவுக்குப் பதிலாக அதை ஓட விட்டிருக்கிறாள்.

“வெரி குட் அபிநயா. எவ்ளோ அட்டென்ஷனோட உக்காந்திருக்கா பாருங்க எல்லாரும்” என்றார் டீச்சர்.

“என்ன அபி இது?” என்றேன்.

“ஒண்ணும் இல்லப்பா.”

“கிளாஸ் நடந்துண்டிருக்கே.”

“சரிப்பா.”

எழுந்து வருகிறேன் என்று அர்த்தமா, போய்விடு என்று அர்த்தமா? இரண்டும் இல்லை. அவள் திரும்பவே இல்லை. சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மகள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நிபந்தனைகள்

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, இப்படியே விழுந்து விழுந்து எழுதுங்கள் என்று வாழ்த்திய வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் விழுந்தது நான் மட்டும் இல்லை.

இதை எழுதலாமா என்று அபியிடமே கேட்டேன். இப்போது அவள் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள்.

“எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவம்னு எழுதாதே. உன்னைத் தியாகி மாதிரியும் எழுதாதே” என்றாள்.

முதல் நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன். இரண்டாவதை மீறினாலும் என் வாசகர்கள் நம்பப்போவதில்லை.

ஒரு பட்டத்தின் கதை

மயிலாப்பூரில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பட்டம் ‘சமத்து’. மெடிக்கல் சீட்டெல்லாம் அதற்கு அப்புறம். அழாமல் கஷாயம் குடித்தால் சமத்து. கச்சேரியில் தூங்காமல் இருந்தால் சமத்து. தூங்கினாலும் சத்தமில்லாமல் தூங்கினால் அதுவும் சமத்து. வந்த விருந்தாளிக்குக் குழந்தையின் குரல் என்னவென்றே தெரியாமல் போய்விட்டால் அது உச்சகட்டச் சமத்து.

அந்தப் பட்டத்துக்கு அபி ஒருநாளும் விண்ணப்பித்தது இல்லை. ஆட்டோக்காரரோடு வாதம், பிரசாத வரிசையை ஒழுங்குபடுத்துகிறவரோடு வாதம். என் கட்டுரைகளை வரி வரியாகப் படித்துவிட்டு, “இந்த ஜோக்கைப் போன வருஷமே எழுதிட்டே” என்பாள். ஒரு நகைச்சுவை எழுத்தாளனுக்கு வீட்டிலேயே அப்படி ஒரு தணிக்கை அதிகாரி.

ஊரடங்கு வந்த புதிதில் அவளும் உற்சாகமாகத்தான் இருந்தாள். கேக் செய்தாள், அதை உடைக்க நான் பூட்டு உடைப்பவரைத் தேடினேன். அப்புறம் யாரோ பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக வால்யூமைக் குறைப்பதுபோல, அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாதம் போயிற்று. பிறகு கேள்வி. பிறகு சாப்பாட்டு மேஜைக்கு வருவது. தட்டு அறைக்குள் போய், பாதிச் சாதத்தோடு திரும்பி வந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? மகிழ்ந்தோம். என் மனைவி சுதாவின் அக்கா தி. நகரிலிருந்து போன் செய்து, “அபி எவ்ளோ சமத்தாயிட்டா, சத்தத்தையே காணோமே” என்றாள். முதல் மாடிப் பட்டாபி மாமா, “உங்காத்துல குழந்தை இருக்கறதே தெரியலை ஓய்” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். போதாததற்கு, ஊரடங்கு எங்கள் வீட்டுக்கு அமைதியைக் கொண்டுவந்துவிட்டது என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். ஒரு வாசகி, எங்கள் வீட்டிலும் அப்படி ஆக என்ன வழி என்று கேட்டிருந்தார். வழிகள் சொல்லிப் பதில் போட்டேன்.

ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்போது பிள்ளைகளின் சத்தம் குறைந்துகொண்டிருந்திருக்கும். அதற்குப் பட்டம் கொடுத்துக் கொண்டாடியது எங்கள் பேட்டையாகத்தான் இருக்கும்.

அம்மை போட்ட அனுபவசாலி

சார்ஜர் சம்பவத்துக்குப் பிறகு நான் எடுத்த முதல் நடவடிக்கை, என் இளமைக் கதையை அவளுக்குச் சொன்னது. சங்கடமான நேரங்களில் என் வயதுக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் ஒரே மருந்து அதுதான்.

பத்து வயதில் எனக்கு அம்மை போட்டது. மந்தைவெளி வீட்டின் முன்னறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். வாசலில் வேப்பிலை, தலைமாட்டில் வேப்பிலை, அரித்தால் தடவிக்கொள்ளவும் வேப்பிலை. அந்தக் கசப்பு மணம் இன்றைக்கும் மூக்கில் வந்தால் முதுகு அரிக்கிறது. ஜன்னல் வழியாகத் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிவிட்டுப் போவார்கள். மாவு மெஷின் சத்தம், பால்காரர் மணி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் காதில் விழும். தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, கொஞ்சம் மெலிந்தும் நிறைய அலட்டிக்கொண்டும் வெளியே வந்தேன்.

“நாங்கல்லாம் இருக்கலையா?” என்று கதையை முடித்தேன்.

“சரிப்பா” என்றாள் அபி.

எனக்குப் புரியாமல் போன ஒன்று இருந்தது. நான் உள்ளே கிடந்தபோது தெரு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்துக்கொண்டும் இருந்தது. அவளுக்குத் தெருவும் சேர்ந்து மூடியிருந்தது.

டாக்டர் வீட்டுக் குக்கர்

சுதாதான் விசாரித்து ஒரு மனநல மருத்துவரைப் பிடித்தாள். கே.கே. நகர்க்காரர். எல்லாம் போனில்தான். அவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால், பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். அபியோடு தனியாகச் சில தடவை பேசிய பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“அபி உங்ககிட்ட கடைசியா எப்போ சண்டை போட்டா?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இப்பல்லாம் சண்டையே கிடையாது டாக்டர். ரொம்ப சமத்தாயிட்டா.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

“சார், எனக்குக் கவலையே அதுதான்” என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். இது சோம்பேறித்தனம் இல்லை, பிடிவாதம் இல்லை, வளர்ப்பில் வந்த குற்றமும் இல்லை. மனச்சோர்வு. காய்ச்சல் மாதிரி இதற்கும் வைத்தியம் உண்டு, காய்ச்சலைவிட நாளாகும். கொஞ்ச காலத்துக்கு ஒரு மாத்திரை. அவரோடு வாரா வாரம் பேச்சு. வெயில் கொஞ்சம் மேலே பட வேண்டும். அட்வைஸ் கூடாது.

“கதை சொல்லலாமா?” என்று கேட்டேன்.

“அதுவும் வேண்டாம் சார்.” அபி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

சுதா அதுவரை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னால் கேட்க முடியாததை அவள் கேட்டாள். “அவ பழையபடி ஆயிடுவாளா டாக்டர்?”

“பழையபடியேன்னு சொல்ல மாட்டேம்மா. நல்லா ஆவா. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. அவ யார்கிட்டயாவது சண்டை போட்டா உடனே கண்டிக்காதீங்க. எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.”

சண்டைக்கு ஆள் தேவை

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டைக்குக் காத்திருந்தோம். காத்திருப்பது எனக்கு வராது. டாக்டருக்குத் தெரியாமல் சண்டையை வரவழைக்கப் பார்த்தேன்.

டப்பாவில் இருந்த கடைசித் தட்டையை அவள் கண்ணெதிரே எடுத்துத் தின்றேன். முன்பெல்லாம் அது போர்ப் பிரகடனம். “சரிப்பா.” அவளுக்குப் பிடித்த பாட்டு டிவியில் வந்தபோது, மிக்ஸியில் கரண்டி மாட்டிக்கொண்ட சத்தம் மாதிரி இருக்கிறது என்றேன். “சரிப்பா.” கடைசியாக, கணக்கெல்லாம் பெண்களுக்கு வராது என்று எனக்கே கூசும் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். பழைய அபியாக இருந்தால் அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைத்திருக்காது.

“சரிப்பா.”

அந்தச் சொல்லுக்குப் பயந்த மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை. தொற்று எண்ணிக்கையை டிவியில் பார்க்கும்போதுகூட அவ்வளவு பயம் இல்லை.

சமையலறையிலிருந்து சுதா சொன்னாள்: “சண்டை வேணும்னா எங்கிட்ட வாங்கோ. எங்கிட்ட ஏகப்பட்டது ஸ்டாக் இருக்கு. அவளை விட்டுடுங்கோ.”

மீன் வாசம்

அபியின் போன் கூடத்து மேஜை மேல் கிடந்து அதிரும். அவள் எடுப்பதில்லை. ஒரு நாள் நான் எடுத்தேன்.

“அங்கிள், ரோஸி பேசுறேன். அபி இன்னா பண்ணுது?”

ரோஸி ஆறாம் வகுப்பிலிருந்து அபிக்குப் பக்கத்து இருக்கை. வீடு பட்டினப்பாக்கத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வீட்டில் மூன்று பிள்ளைகளின் வகுப்புக்கும் ஒரே போன். ரோஸியின் முறை சாயங்காலம்தான் வரும்.

“தூங்கறாம்மா.”

“எப்ப பாத்தாலும் தூங்கறாங்கிறீங்க. எத்தினி மெசேஜ் போட்டுக்கினு கீறேன், பதிலே இல்ல. போன அவ காதாண்ட வெச்சிட்டு நீங்க போய்க்கினே இருங்க அங்கிள். நான் பாத்துக்கறேன்.”

ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். எழுத்தாளர்கள் இதைக் களப்பணி என்பார்கள்.

“அடியே, நீ பேசாத, பரவால்ல. நான் பேசிக்கினே கீறேன். லைன்ல கீறியான்னு தெரிய நடுநடுல மூச்சு மட்டும் சத்தமா வுடு. இன்னா தெரிமா, கடலுக்கு போட்டு போவக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்கல்ல, அப்ப எங்கப்பாவும் உன்ன மாரியே செவுத்த பாத்துக்கினு படுத்துக் கெடந்தாரு. இப்ப போறாரு. இன்னிக்கு சங்கரா வந்துச்சு, நெத்திலி வந்துச்சு. வஞ்சிரம் ஒண்ணு, எங்க தம்பி சைஸு...”

மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும். வெங்காயம் நுழைவதற்கே யோசிக்கும் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் கூடை கூடையாக மீன் வந்து இறங்கியது. சுதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் போன் வரத் தாமதமானபோது, “அந்தப் பொண்ணு இன்னும் கூப்பிடலையே, இன்னிக்கு அவப்பா நல்லபடியா கரைக்கு வந்தாராமா?” என்று கவலைப்பட்டாள்.

உள்ளே அபி பதில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ரோஸி மட்டும் போனை வைக்கவில்லை.

மொட்டை மாடிப் பிரதட்சிணம்

கோயிலை மூடிவிட்டார்கள். தினசரி பிராகாரம் சுற்றிப் பழகிய கால்களுக்கு அதை யார் சொல்வது? எங்கள் அடுக்கு வீட்டின் பெரியவர்கள் மாலையில் மொட்டை மாடிக்கு ஏறி, நடுவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் எல்லாரும் வலமாகத்தான் சுற்றினார்கள். கோபுரத்தின் நுனி தெரிகிற மூலைக்கு வந்ததும் ஒரு விநாடி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்படி நிற்கும்போது மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்து வழிந்தால், அபிஷேகம் பார்த்த திருப்தி முகத்தில் தெரியும்.

பட்டாபி மாமா அங்கே தர்மகர்த்தா. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இடைவெளி விடணும், மாஸ்க் போட்டுக்கணும், வலமாகத்தான் வரணும்.

எங்கள் வீடு மேல் மாடி என்பதால் அத்தனை நடையும் எங்கள் தலைக்கு மேல் கேட்கும். ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது பட்டாபி மாமா. மெட்டி டிக் டிக்கென்று கேட்டால் இரண்டாம் மாடி மாமி.

வெயில் படட்டும் என்று டாக்டர் சொன்னதற்காக, சுதா அபியை மேலே கூட்டிப் போனாள். முதல் நாள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டாள். அப்புறம் சில நாள் எழுந்திருக்கவே இல்லை. மறுபடி ஒரு நாள் போனாள். மறுபடி போவதை நிறுத்தினாள். வரைபடம் போட்டுக் காட்டும்படியான முன்னேற்றம் இல்லை. எங்கள் கம்பெனியின் இலக்கு மாதிரிதான் அதுவும். பிறகு, நாங்கள் யாரும் சொல்லாமலே, தனியாகப் போக ஆரம்பித்தாள்.

புகார்

ஒரு மாலை வாசல் மணி அடித்தது. பட்டாபி மாமா. மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. மேல் மூச்சு வாங்கியது.

“உங்க பொண்ணு எதிர்த்துப் பேசறா.”

“யார் பொண்ணு?”

“உமக்கு எத்தனை பொண்ணு ஓய்?”

சார்ஜர் எடுக்கப் போன அன்று கேட்டிருந்தால் இரண்டு என்றிருப்பேன்.

சுதா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். “என்ன மாமா பேசினா?”

“நாங்கல்லாம் வலமா சுத்திண்டு இருக்கோம். இவ இடமா வரா. நேர் எதிர்க்க. குழந்தே, அப்படிச் சுத்தப்படாதும்மான்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமோ? ‘இன்னா மாமா, இது தண்ணித் தொட்டி, சாமி இல்ல. எல்லாரும் ஒரே பக்கம் போனா எல்லார் முதுகும்தான் தெரியுது. எனக்கு மூஞ்சி பாக்கணும்’ங்கறா.”

சுதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாஸ்க் போட்ட மூஞ்சில என்னடி இருக்கு பாக்கறதுக்குன்னு கேட்டேன். ‘பாதி மூஞ்சியாவது பாக்கறேன், உங்களுக்கு இன்னா போவுது’ங்கறா. மயிலாப்பூர்ல பொறந்த குழந்தை. இந்தப் பாஷை எங்கேர்ந்து வந்தது?”

பட்டினப்பாக்கத்திலிருந்து, தினமும் சாயங்காலம், மீனோடு வந்தது என்று நான் சொல்லவில்லை.

சுதா ஒரு நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். “உக்காருங்கோ மாமா. காபி கொண்டுவரேன். முதல்லேர்ந்து சொல்லுங்கோ.”

“சொன்னேனேம்மா.”

“இன்னொரு தடவை சொல்லுங்கோ. சத்தமா சொன்னாளா?”

“சத்தமாவா? மாட வீதிக்கே கேட்டிருக்கும்.”

“கையை ஆட்டிண்டு சொன்னாளா?”

“இடுப்புல வெச்சுண்டு.”

சுதா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சங்கடமாக நெளிந்தார். “நான் ஒண்ணும் பெரிசா சொல்லலையே ஓய். ஏன் அழறா?”

“ஒண்ணும் இல்லை மாமா. நீங்க வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குழந்தை அப்படி, பெற்றவர்கள் இப்படி என்று நினைத்திருப்பார். காபியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார். “கண்டிச்சு வையும்” என்று சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏறினார்.

நான் டாக்டருக்கு மெசேஜ் போட்டேன். “சண்டை வந்துவிட்டது.”

“யாருடன்?”

“முதல் மாடி மாமாவுடன். காரணம் தண்ணீர்த் தொட்டி.”

“வெரி குட்” என்று பதில் வந்தது. டீச்சர் சொன்ன அதே இரண்டு வார்த்தை.

அபியின் அறைக்குப் போய்க் காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தேன். சுவரில் பெயின்ட் போன இடம் ஒரு தீவு மாதிரி இருந்தது. தலைக்கு மேல் ரப்பர் செருப்பு தேய்ந்துகொண்டு போயிற்று. மெட்டி போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து வெறுங்கால் நடை ஒன்று, வேகமாக, தப் தப்பென்று வந்தது. செருப்பும் வெறுங்காலும் என் உச்சந்தலைக்கு நேராகச் சந்தித்து நின்றன. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு இரண்டும் நகர்ந்தன, அதனதன் திசையில்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்கப்புறமும் மோசமான வாரங்கள் உண்டு. மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவும் இல்லை. ஆனால் அன்றிரவு தட்டு காலியாக வந்தது.

இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன் அபிக்குப் படித்துக் காட்டினேன். ரோஸியும் வந்திருந்தாள். மீன் பட்டியலில் நெத்திலியை முதலில் போட வேண்டும் என்பது அவளுடைய ஒரே திருத்தம். அபிக்கு ஆட்சேபம் நிறைய இருந்தது.

“நான் இடுப்புல கை வெக்கவே இல்லை. மாமா சும்மா சொல்லியிருக்கார். நீ அதை அப்படியே எழுதுவியா? நீ பாத்தியா? எங்கிட்ட கேட்டியா?”

“சரிம்மா” என்றேன்.

“அது என்ன சரிம்மா? அதெல்லாம் இங்க செல்லாது. எதிர்த்துப் பேசுப்பா.”

பேசிக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.